நாட்பட்ட கரப்பானும் தண்டுவட வைரஸ் தொற்றும்: எச்.டி.எல்.வி.-1 வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைப் பருவத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் ஒருவகைக் கரப்பானும், கால்களை விறைக்கச் செய்து நடையைக் கெடுக்கும் ஒருவகைத் தண்டுவட நோயும் நெடுங்காலம் தொடர்பற்ற இரு நோய்களாகவே கருதப்பட்டு வந்தன. முன்னது தோல் மருத்துவத்திற்கும் பின்னது நரம்பியலுக்கும் உரியதாக இருந்தது. எச்.டி.எல்.வி.-1 என்னும் வைரஸ் கண்டறியப்பட்ட பின்னர் இவ்விரண்டும் ஒரே தொற்றின் இரு வெளிப்பாடுகள் என்பது தெளிவாயிற்று. ஜமைக்கா, மார்த்தினிக், ஜப்பான், பிரேசில் ஆகிய இடங்களில் நிகழ்ந்த ஆய்வுகளைக் கொண்டு இவ்விணைப்பு எவ்வாறு நிறுவப்பட்டது, அதன் இயங்குமுறை யாது, அதன் எல்லைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கரப்பான் தண்டுவட நோய்க்குக் காரணமன்று. இரண்டுக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு என்பதும், இந்நோய்க்குத் தமிழில் பெயரிடும்போது மிகுந்த கவனம் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: கரப்பான், தண்டுவடம், எச்.டி.எல்.வி.-1, ஜமைக்கா, பாகியா, தாய்ப்பால், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

தோலில் தோன்றும் நோயை உள்ளுறுப்பின் நோய்க்கு அறிகுறியாகக் காணும் வழக்கம் எல்லா மருத்துவ மரபுகளிலும் உண்டு. ஆயினும் தோலில் தோன்றும் ஒரு குறிக்கும் உடலின் உள்ளே நிகழும் ஒரு சிதைவுக்கும் உண்மையான தொடர்பு உண்டா என்பதை நிறுவுவது எளிதன்று. இரண்டு நோய்கள் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுவது தற்செயலாகவும் இருக்கலாம்; ஒன்று மற்றொன்றை உண்டாக்கியதாகவும் இருக்கலாம்; இரண்டும் மூன்றாவது ஒன்றிலிருந்து பிறந்தனவாகவும் இருக்கலாம். இம்மூன்று வாய்ப்புகளையும் வேறுபடுத்திக் காண்பதே ஆய்வின் முதற்பணி.

நாட்பட்ட கரப்பானுக்கும் தண்டுவடத்தைத் தாக்கும் வைரஸ் தொற்றுக்கும் இடையே தொடர்பு உண்டா என்னும் வினா இத்தகையது. பொதுநிலையில் இதற்கு விடை கூற இயலாது. ஏனெனில் கரப்பான் பலவகை, தண்டுவடத்தைத் தாக்கும் வைரஸ்களும் பல. ஆனால் ஒரே ஒரு நிகழ்வில் இவ்விணைப்பு வலுவான சான்றுகளோடு நிறுவப்பட்டுள்ளது. எச்.டி.எல்.வி.-1 வைரஸ் தொற்றே அந்நிகழ்வாகும். அதனை மட்டும் எடுத்துக்கொண்டு, சான்றுகள் தோன்றிய கால வரிசையில் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இங்குக் கையாளப்படும் இரு சொற்களைப் பற்றி முதலில் கூறுதல் வேண்டும். ‘கரப்பான்’ என்பது தமிழ் மருத்துவ மரபில், சிறப்பாகக் குழந்தைகளின் தோலில் தோன்றும் பலவகைத் தடிப்பு, கொப்புளம், நீர்க்கசிவு, பொருக்கு ஆகியவற்றைக் குறிக்கும் விரிந்த சொல். நவீன மருத்துவத்தில் எக்ஸிமா எனப்படுவதற்கு நெருங்கிய சொல்லாக அது இங்கு எடுத்தாளப்படுகிறது. இரண்டும் முற்றும் ஒன்றே எனக் கொள்ளலாகாது. ‘தண்டுவடம்’ என்பது முதுகெலும்பின் உட்புழையில் மூளையிலிருந்து கீழிறங்கும் நரம்புத் தொகுதியைக் குறிக்கும். எலும்பைக் குறிக்கும் முதுகுத்தண்டு வேறு, நரம்பைக் குறிக்கும் தண்டுவடம் வேறு.

1. ஜமைக்காக் குழந்தைகளின் கரப்பான்

ஜமைக்காத் தீவின் குழந்தைகளிடம் காணப்படும் தனித்தன்மை வாய்ந்த கரப்பானை ஆர். டி. ஸ்வீட் 1966-ஆம் ஆண்டில் விவரித்தார். அடுத்த ஆண்டில் எம். எம். வால்ஷ் அதனை மேலும் விரித்து எழுதினார். பொதுவாகக் காணப்படும் ஒவ்வாமைக் கரப்பானிலிருந்து அது பல வகையில் வேறுபட்டிருந்தது. ஒவ்வாமைக் கரப்பான் பெரும்பாலும் பிறந்த ஓராண்டுக்குள் தொடங்கும், முழங்கை, முழங்கால் மடிப்புகளில் நிலைகொள்ளும், அரிப்பு மிகும், குடும்பத்தில் ஆஸ்துமா முதலிய ஒவ்வாமை நோய்கள் இருக்கும். ஜமைக்காக் குழந்தைகளுக்கு வந்த கரப்பானோ பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குப் பின்னர்த் தொடங்கியது. தலையின் தோல், காதின் பின்புறம், இமை விளிம்பு, மூக்கின் ஓரம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் நீர் கசிந்து பொருக்குக் கட்டியது. மூக்கிலிருந்து ஓயாது நீர் வடிந்தது. மூக்குத் துளைகளின் முகப்பில் பொருக்கு மூடியது. அரிப்பு அவ்வளவு கடுமையாக இல்லை.

அதன் மற்றொரு இயல்பு மருத்துவர்களுக்குப் புதிராக விளங்கியது. தோலிலும் மூக்கிலும் ஸ்டஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்கள் மிகுந்து காணப்பட்டன. பாக்டீரியாக்களை அழிக்கும் மருந்து கொடுத்தவுடன் கரப்பான் விரைந்து தணிந்தது. மருந்தை நிறுத்தியவுடன் அவ்வாறே விரைந்து திரும்பி வந்தது. பாக்டீரியாவே காரணம் எனின், அது அழிந்த பின்னர் நோய் மீளக் கூடாது. மீண்டும் மீண்டும் வருவதால், அக்குழந்தைகளின் நோய் எதிர்ப்பு ஆற்றலிலேயே ஏதோ குறை உள்ளது எனக் கருத இடம் இருந்தது. அக்குறை யாது என்பது அப்போது விளங்கவில்லை. பாக்டீரியாவின் பங்கைக் கருதி அந்நோய்க்குத் தொற்றுத் தோலழற்சி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் வழங்கலாயிற்று.

2. தண்டுவட நோயின் தனி வரலாறு

இதே தீவில், வேறொரு துறையில், வேறொரு புதிர் முன்னரே பதிவாகியிருந்தது. காரணம் தெரியாத ஒரு நரம்பு நோயால் தாக்குண்ட 100 நோயாளிகளைப் பற்றி ஈ. கே. குரூக்ஷாங்க் 1956-ஆம் ஆண்டில் எழுதினார். 1964-ஆம் ஆண்டில் மான்ட்காமரியும் அவருடன் பணியாற்றியோரும் 206 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். அந்நோய் ‘ஜமைக்கா நரம்பு நோய்’ என்றே வழங்கப்பெற்றது.

பெரும்பாலும் நடுத்தர வயதினரையே அது தாக்கியது. முதலில் கால்கள் கனக்கும், பின்னர் விறைக்கும், படியேறுதல் கடினமாகும். இடுப்பிலும் கீழ்முதுகிலும் வலி இருக்கும். சிறுநீரை அடக்க இயலாமை, மலச்சிக்கல் ஆகியவை சேர்ந்து வரும். கைகள் பெரும்பாலும் தப்பிவிடும். அறிவு தெளிவாகவே இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கைத்தடியும் பின்னர்ச் சக்கர நாற்காலியும் தேவைப்படும். தண்டுவடத்தின் மார்புப் பகுதியில், மூளையின் கட்டளையைக் கால்களுக்குக் கொண்டுசெல்லும் நரம்பு இழைகள் சிதைவதே இதற்குக் காரணம். சிஃபிலிஸ், அதனையொத்த யாஸ் என்னும் தோல் நோய், ஊட்டக்குறைவு, மரவள்ளிக் கிழங்கில் உள்ள சயனைடு எனப் பல காரணங்கள் ஐயுறப்பட்டன. எதுவும் முழுமையாகப் பொருந்தவில்லை.

விடை வேறொரு வழியில் வந்தது. ஜப்பானில் கியோட்டோவைச் சேர்ந்த தகாட்சுகி குழுவினர் 1977-ஆம் ஆண்டில், வயதுவந்தோரின் டி-அணுக்களில் தோன்றும் ஒருவகை இரத்தப் புற்றுநோயைத் தனி நோயாக இனங்கண்டனர். அந்நோயாளிகளுள் பலர் நாட்டின் தென்மேற்கே உள்ள கியூஷூ தீவில் பிறந்தவர்களாக இருந்தனர். 1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் காலோவின் ஆய்வுக்கூடம், மனித டி-அணுக்களைத் தாக்கும் எச்.டி.எல்.வி. என்னும் வைரஸைக் கண்டறிந்து வெளியிட்டது. ஜப்பானியப் புற்றுநோய்க்குக் காரணம் அவ்வைரஸே என்பது பின்னர் உறுதியாயிற்று.

1985-ஆம் ஆண்டில் ஆந்துவான் ஜெஸ்ஸேன் குழுவினர், கரீபியத் தீவான மார்த்தினிக்கில் கால் விறைப்பு நோயுற்றவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, இவ்வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் மிகப் பலரிடம் இருப்பதைக் கண்டனர். அடுத்த ஆண்டில், அதனை அறியாமலே, ஜப்பானின் ககோஷிமாவில் ஓசாமே குழுவினர் அதே வைரஸோடு தொடர்புடைய தண்டுவட நோயைப் புதிய நோயாக அறிவித்தனர். வெப்ப மண்டலத்து நோயாகக் கரீபியர் கருதியதும், வெப்ப மண்டலம் அல்லாத நாட்டில் ஜப்பானியர் கண்டதும் ஒன்றே என்பது விளங்கியது. 1988-ஆம் ஆண்டில் ககோஷிமாவில் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் இரு பெயர்களும் இணைக்கப்பட்டு நோயறி நெறிகள் வகுக்கப்பட்டன.

3. இரு வரலாறுகளின் சந்திப்பு

தண்டுவட நோயின் காரணம் தெரிந்த பின்னர், ஜமைக்காவின் தோல் மருத்துவம் தன் பழைய புதிருக்குத் திரும்பியது. லோயிஸ் லா கிரனேட்டும் உடன் பணியாற்றியோரும் 1990-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு அளவில் சிறியது, அமைப்பில் தெளிவானது. மேற்கூறிய கரப்பான் உள்ள 14 குழந்தைகளின் இரத்தத்தையும், சாதாரண ஒவ்வாமைக் கரப்பான் உள்ள 11 குழந்தைகளின் இரத்தத்தையும் அவர்கள் சோதித்தனர். முன்னைய 14 பேரிடமும் எச்.டி.எல்.வி.-1 எதிர்ப்பொருள் இருந்தது. பின்னைய 11 பேரில் ஒருவரிடமும் இல்லை.

இவ்வாய்வில் ஒப்பீட்டுக் குழு ஆற்றும் பணி நோக்கத்தக்கது. 14 குழந்தைகளை மட்டும் சோதித்திருந்தால், ‘தீவில் வைரஸ் பரவலாக உள்ளது, ஆகவே நோயுற்ற குழந்தைகளிடமும் உள்ளது’ என ஒருவர் மறுக்கலாம். அதே தீவில், ஏறத்தாழ அதே வயதில், வேறுவகைக் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் அது இல்லை என்பதே அம்மறுப்பை வலுவிழக்கச் செய்தது. கரப்பான் என்னும் பொதுநிலை அன்று, கரப்பானின் ஒரு தனிவகையே இவ்வைரஸோடு தொடர்புடையது என்பதும் இதனால் புலனாயிற்று.

1998-ஆம் ஆண்டில் இதே ஆய்வாளர் குழு நோயை இனங்காண்பதற்கான நெறிகளை வகுத்தது. தலையின் தோல் உள்ளிட்ட குறிப்பிட்ட இடங்களில் கரப்பான், மூக்கில் நீர்வடிதல் அல்லது பொருக்கு, மருந்துக்கு விரைந்து தணிந்து நிறுத்தியதும் மீளும் போக்கு, இளங்குழந்தைப் பருவத்தில் தொடக்கம், இரத்தத்தில் எச்.டி.எல்.வி.-1 எதிர்ப்பொருள் ஆகிய ஐந்தும் அவற்றுள் முதன்மையானவை. வைரஸ் சோதனை இன்றித் தோலை மட்டும் பார்த்து இந்நோயை உறுதிசெய்ய இயலாது என்பது இந்நெறிகளால் பெறப்படுகிறது.

கரப்பானும் தண்டுவட நோயும் ஒருவரிடமே சேர்ந்து தோன்றுமா என்பது அடுத்த வினா. 1995-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து இரு நோயாளிகளைப் பற்றிய சிறு பதிவு வெளிவந்தது. அவ்விருவரிடமும் கரப்பானோடு தண்டுவட நோயும் இருந்தது. இருவரைக் கொண்டு பொதுமுடிவு காண இயலாது. அதனை விரிவான தளத்திற்குக் கொண்டு சென்றது பிரேசிலின் பாகியா மாநிலம்.

பாகியாவின் தலைநகரான சால்வடோரின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 1.8 விழுக்காட்டினரிடம் இவ்வைரஸ் உள்ளது. பிரேசிலில் எச்.டி.எல்.வி.-1 மிகுந்த நகரங்களுள் அது முதன்மையானது. அங்கு அஷிலேயா பிட்டென்கோர்ட்டும் அவர்தம் குழுவினரும் இக்கரப்பான் உள்ள குழந்தைகளைத் தோல் மருத்துவர், நரம்பியலார் ஆகிய இரு துறையினரும் சேர்ந்து சோதிக்க வழிசெய்தனர். தண்டுவட நோய் நடுத்தர வயதினருக்கே உரியது என்னும் எண்ணம் அங்குத் தளர்ந்தது. கரப்பான் உள்ள குழந்தைகளுள்ளும் வளரிளம் பருவத்தினருள்ளும் குறிப்பிடத்தக்க பகுதியினரிடம் அந்நோய் காணப்பட்டது. வைரஸ் தொற்றுடைய பொதுமக்களிடம் வாழ்நாள் முழுவதிலும் தண்டுவட நோய் தோன்றும் வாய்ப்பு, நாட்டுக்கு நாடு வேறுபட்டு, ஏறத்தாழ 0.25 முதல் 4 விழுக்காடு வரையே என மதிப்பிடப்படுகிறது. இந்த அளவோடு ஒப்பிட, கரப்பான் உள்ள குழந்தைகள் மிகுதியான இடரில் உள்ளனர் என்பது தெளிவு.

இங்கு ஆய்வு முறை பற்றிய ஒரு செய்தி உண்டு. கால் விறைப்பின் தொடக்க நிலையைக் குழந்தை தானாக எடுத்துரைப்பதில்லை. அடிக்கடி விழுவதையும் ஓட இயலாமையையும் சிறுநீர் கசிவதையும் பெற்றோர் வேறு காரணங்களால் விளக்கிக்கொள்வர். தோல் நோய்க்காக வந்த குழந்தையின் கால் அனிச்சைச் செயல்களை யாரேனும் சோதித்தால் ஒழிய இவ்விணைப்பு கண்ணுக்குத் தெரியாது. இரு துறைகள் தனித்தனியே இயங்கிய வரையில் சான்று கிடைக்காமற் போனதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

4. இணைப்பின் இயங்குமுறை

எச்.டி.எல்.வி.-1 ஒரு ரெட்ரோ வைரஸ். தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ. வடிவில் மாற்றி, உடலின் டி-அணுக்களுடைய மரபுப் பொருளினுள்ளேயே அது பதித்துவிடுகிறது. டி-அணுக்கள் நோய் எதிர்ப்பை நெறிப்படுத்தும் வெள்ளணுக்களாகும். எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி.யும் இவ்வணுக்களையே தாக்குகிறது. ஆனால் அது அவற்றைக் குறைக்கிறது. எச்.டி.எல்.வி.-1 அவற்றை அழிப்பதில்லை. மாறாகப் பெருகத் தூண்டுகிறது. தொற்றுற்ற ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது அதனுள் பதிந்த வைரஸும் இரண்டாகிறது. இவ்வாறு ஒருவரின் வெள்ளணுக்களுள் எத்தனை பங்கில் வைரஸ் பதிந்துள்ளது என்னும் அளவு ‘முன்வைரஸ் சுமை’ எனப்படுகிறது.

தொற்றுடையோர் மிகப் பலர் வாழ்நாள் முழுதும் நோயின்றி இருக்க, சிலர் மட்டும் நோயுறுவது ஏன் என்னும் வினாவுக்கு இச்சுமையே இதுவரை கிடைத்த சிறந்த விடை. ககோஷிமாவில் நிகழ்ந்த ஆய்வில், தண்டுவட நோய் உள்ளோரின் முன்வைரஸ் சுமை நோயற்ற தொற்றாளரின் சுமையைப் போல் ஏறத்தாழ 16 மடங்காக இருந்தது. பாகியாவில் கரப்பான் உள்ளோரைச் சோதித்தபோது அவர்களிடமும், தண்டுவட நோய் இதுவரை தோன்றாதவர்களிடமுங்கூட, சுமை உயர்ந்தே காணப்பட்டது.

சுமை மிகுந்த நிலையில் நிகழ்வதைப் பின்வருமாறு விளக்கலாம். தொற்றுற்ற டி-அணுக்கள் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை, புறத்தூண்டுதல் இன்றியே, மிகுதியாகச் சுரக்கின்றன. அவற்றை ஒடுக்க உடலின் கொல்லணுக்களும் திரள்கின்றன. இவை தோலில் திரளும்போது அழற்சி உண்டாகிறது; நெறிமாறிய எதிர்ப்பாற்றலால் பாக்டீரியாக்கள் நிலைகொள்கின்றன; நீர் கசிந்து பொருக்குக் கட்டுகிறது. தண்டுவடத்தில் திரளும்போது, அங்குள்ள நரம்பிழைகள் இப்போராட்டத்தின் நடுவே சிக்கிச் சிதைகின்றன. வைரஸ் நரம்பணுவை நேரே கொல்கிறது என்பதைவிட, அழற்சியின் பக்க விளைவாகவே நரம்பு அழிகிறது என்பதே பெரும்பான்மை ஆய்வாளரின் கருத்து.

ஆகவே கரப்பானிலிருந்து நோய் தண்டுவடத்துக்கு ‘இறங்குகிறது’ எனக் கொள்வது பிழை. கரப்பானை மருந்தால் முற்றும் தணித்துவிட்டால் தண்டுவடம் காக்கப்படும் எனவும் கூற இயலாது. தோல், மிகுந்த சுமையை முதலில் காட்டும் இடம், அவ்வளவே. எனினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. நாட்பட்ட பாக்டீரியாத் தொற்று டி-அணுக்களைத் தொடர்ந்து தூண்டி, அவற்றின் பெருக்கத்தையும் அதன் வழியே வைரஸ் சுமையையும் கூட்டக்கூடும் என்னும் கருதுகோளும் முன்வைக்கப்பட்டுள்ளது. அது மெய்யாயின், கரப்பானுக்கு நீண்டகாலம் அளிக்கப்படும் கோ-டிரைமாக்சசோல் போன்ற மருந்து தோலுக்கு அப்பாலும் பயன்தரலாம். இது கருதுகோளே அன்றி நிறுவப்பட்ட முடிவன்று.

5. இணைப்பின் எல்லைகள்

ஓர் இணைப்பை விளக்கும் கட்டுரை, அது பொருந்தாத இடங்களையும் காட்ட வேண்டும். இங்கு மூன்று எல்லைகள் சுட்டத்தக்கன.

முதலாவது, ஜப்பான். தண்டுவட நோய் மிகுதியாக ஆராயப்பட்ட அந்நாட்டின் தென்மேற்குப் பகுதியில் வைரஸ் பரவலாக உள்ளது. ஆனால் இக்கரப்பான் அங்கு மிக அரிது. வைரஸ் மட்டுமே போதுமான காரணம் என்றால் கரப்பான் அங்கும் மிகுந்திருக்க வேண்டும். ஊட்டநிலை, வாழிடச் சூழல், பாக்டீரியாத் தொற்றின் மிகுதி, மரபுக்கூறு எனத் துணைக்காரணங்கள் உள்ளன என்பதை இது உணர்த்துகிறது. நடு ஆஸ்திரேலியாவின் பழங்குடி மக்களிடம் இவ்வைரஸின் மற்றொரு கிளை பரவலாக உள்ளது. அங்கு ஆய்வாளர் கருத்தைப் பெரிதும் ஈர்ப்பது நுரையீரல் நோய். ஒரே வைரஸ் இடத்துக்கு இடம் வேறு முகம் காட்டுகிறது.

இரண்டாவது, தோலும் தண்டுவடமும் வைரஸ் இன்றியும் இணையலாம் என்பது. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரா குழுவினர் 1990-களின் பிற்பகுதியில் ஒவ்வாமைக் கரப்பான் உள்ள சிலரிடம் தோன்றும் தண்டுவட அழற்சியை விவரித்தனர். அந்நோயாளிகளின் இரத்தத்தில் ஐ.ஜி.ஈ. என்னும் ஒவ்வாமை எதிர்ப்பொருள் உயர்ந்திருந்தது. வீட்டுத் தூசியில் வாழும் உண்ணிகளுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தது. கைகால்களில் மரத்துப்போதலும் கூச்சமும் முதன்மை அறிகுறிகள். பாதிப்பு பெரும்பாலும் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் இருந்தது. இங்கு எச்.டி.எல்.வி.-1 காரணமன்று. எனவே கரப்பானும் தண்டுவட நோயும் சேர்ந்து தோன்றினால் உடனே வைரஸ் என முடிவுகட்டுவது தகாது.

மூன்றாவது, தென்னிந்தியா. 1969-ஆம் ஆண்டில் கே. எஸ். மணி, ஏ. ஜே. மணி, மான்ட்காமரி ஆகியோர் தென்னிந்தியாவில் காணப்படும் கால் விறைப்பு நோயொன்றைப் பற்றி எழுதினர். ஜமைக்கா நோயாளிகளை ஆராய்ந்த மான்ட்காமரியே இவர் என்பதால், இரு நிலங்களையும் ஒப்பிடும் நோக்கு அவ்வாய்வில் இயல்பாகவே அமைந்தது. ஆயினும் பெயரும் அறிகுறியும் ஒத்திருப்பது காரணமும் ஒன்றே என்பதற்குச் சான்றாகாது. இந்தியாவில் கால் விறைப்புக்கு முதுகெலும்புக் காசநோய், பி-12 ஊட்டக்குறைவு, நடு இந்தியாவில் கேசரிப் பருப்பு நஞ்சு எனப் பல காரணங்கள் உள. இவற்றுட் சில, காலத்தே கண்டறிந்தால் குணப்படுத்தத்தக்கவை. அரிய வைரஸைத் தேடும் ஆர்வத்தில் எளிய காரணத்தைத் தவறவிடுதல் நோயாளிக்குத் தீங்காக முடியும்.

6. தாய்ப்பாலும் தடுப்பும்

இவ்வைரஸ் குழந்தையை அடையும் முதன்மை வழி தாய்ப்பால். பாலில் உள்ள தாயின் வெள்ளணுக்களோடு அது குழந்தையின் உடலினுள் செல்கிறது. வயதுவந்தோரிடையே உடலுறவு, இரத்தமேற்றல், ஊசிகளைப் பகிர்தல் ஆகியவற்றால் பரவுகிறது. தொடுவதாலோ ஒன்றாக உண்பதாலோ பரவுவதில்லை.

ஜப்பானின் நாகசாக்கியில் 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய தடுப்புத் திட்டம் இதில் வழிகாட்டியாகும். கருவுற்ற பெண்களைச் சோதித்து, தொற்றுடையோர் புட்டிப்பால் கொடுக்க அறிவுறுத்தப்பட்டது. ஆறு மாதமோ அதற்கு மேலோ தாய்ப்பால் அருந்திய குழந்தைகளுள் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்கும், குறுகிய காலம் அருந்தியோருள் 7 விழுக்காட்டினருக்கும், புட்டிப்பால் மட்டும் அருந்தியோருள் 2.5 விழுக்காட்டினருக்கும் தொற்று ஏற்பட்டது. பாகியாவில் கரப்பானுற்ற குழந்தைகள் பெரும்பாலும் நீண்டகாலம் தாய்ப்பால் அருந்தியவர்கள் என்பதையும் இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். தாயிடமிருந்து பெற்ற பாதுகாப்பு எதிர்ப்பொருள்கள் முதல் சில மாதங்களுக்குப் பின்னர்க் குறைந்துவிடுகின்றன என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

ஆனால் நாகசாக்கியின் வழியை எல்லா நிலத்துக்கும் அப்படியே பெயர்க்க இயலாது. தூய நீரும் தரமான பால்மாவும் கிடைக்காத வீட்டில் தாய்ப்பாலை நிறுத்துவது, வயிற்றுப்போக்கையும் ஊட்டக்குறைவையும் வரவழைக்கும். ஒருபுறம் பல்லாண்டு கழித்து ஒருசிலருக்கு வரக்கூடிய நோய். மறுபுறம் இப்போதே குழந்தையின் உயிருக்கு வரக்கூடிய இடர். இவ்விரண்டையும் எடைபோட்டுத் தாய் முடிவெடுக்க வேண்டியுள்ளது. வைரஸ் மிகுந்த பகுதிகளில் இத்தகைய கரப்பான் ஒரு குழந்தைக்குக் கண்டறியப்படும்போது, அது அக்குழந்தையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. தாயின் தொற்றையும், உடன்பிறந்தோர் சோதிக்கப்பட வேண்டியதையும், அடுத்துப் பிறக்கவுள்ள குழந்தைக்கான தடுப்பையும் பற்றிய செய்தியுமாகும்.

7. தமிழில் பெயரிடுதல்

இந்நோயின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தொற்றுத் தோலழற்சி’ எனக் கிடைக்கும். இப்பெயர் இலக்கணப்படி சரி, பொருள்நிலையில் தீங்கானது. தமிழில் தொற்றுத் தோல்நோய் என்றவுடன் மக்கள் உணர்வது ஒட்டுவாரொட்டியையே. தலையில் பொருக்கும் மூக்கில் நீரும் உள்ள குழந்தையைப் பள்ளியில் தனியே அமர்த்தவும், உறவினர் தொடத் தயங்கவும் இப்பெயரே காரணமாகலாம். ஆங்கிலப் பெயர், பாக்டீரியாத் தொற்று உடனிருப்பதைக் குறிக்க வைரஸ் கண்டறியப்படும் முன்னரே இடப்பட்டது. அக்காலத்து அறிவின் எல்லையை நாம் மொழிபெயர்ப்பில் நிலைநிறுத்த வேண்டியதில்லை.

‘எச்.டி.எல்.வி.-1 சார் கரப்பான்’ என்பது பொருத்தமான பெயராக இக்கட்டுரையில் முன்மொழியப்படுகிறது. ‘சார்’ என்னும் சொல் தொடர்பைக் காட்டும்; முழுக்காரணம் எனச் சாதிக்காது. ஜப்பானியச் சான்று உணர்த்தும் துணைக்காரணங்களுக்கு அது இடம் விடுகிறது. ‘கரப்பான்’ என்னும் சொல் மக்கள் அறிந்தது, அச்சமூட்டாதது. தண்டுவட நோயையும் இவ்வாறே ‘எச்.டி.எல்.வி.-1 சார் தண்டுவட நோய்’ எனலாம். இரு பெயர்களும் ஒரே முன்னொட்டைப் பெறும்போது, தோல் மருத்துவமும் நரம்பியலும் நெடுங்காலம் காணத் தவறிய உறவு பெயரிலேயே வெளிப்படும்.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

நாட்பட்ட கரப்பானுக்கும் தண்டுவட வைரஸ் தொற்றுக்கும் பொதுநிலையில் தொடர்பு இல்லை. குழந்தைப் பருவத்தில் தலை, காது, மூக்கு ஆகியவற்றைச் சூழத் தோன்றி, மருந்தை நிறுத்தியதும் மீளும் ஒரு தனிவகைக் கரப்பானுக்கே எச்.டி.எல்.வி.-1 தொற்றோடு உறுதியான தொடர்பு உண்டு.

அத்தொடர்பு காரண காரியத் தொடர்பன்று. கரப்பானும் தண்டுவட நோயும் மிகுந்த முன்வைரஸ் சுமை என்னும் ஒரே நிலையிலிருந்து கிளைப்பவை. காலத்தால் முற்படுவதால் கரப்பான் முன்னறிகுறியாகிறது.

வைரஸ் பரவலாக உள்ள நிலங்களில் இக்கரப்பான் உள்ள குழந்தையின் நடையும் அனிச்சைச் செயல்களும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். தாயும் உடன்பிறந்தோரும் இரத்தச் சோதனைக்கு உட்பட வேண்டும். வைரஸ் அரிதாக உள்ள நிலங்களில், கரப்பான் உள்ள ஒவ்வொருவரும் தண்டுவட நோயை அஞ்ச வேண்டியதில்லை.

உலகில் குறைந்தது 50 இலட்சம் முதல் ஒரு கோடிப் பேர் வரை இவ்வைரஸைச் சுமப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்வர். நோயுறும் சிலருக்கு, குழந்தைப் பருவத்துத் தோல் பல ஆண்டுகளுக்கு முன்னரே குறி காட்டியிருக்கக்கூடும். அக்குறியை உரிய காலத்தில் படிப்பதற்கு மருத்துவத் துறைகளின் ஒருங்கிணைப்பும், மக்கள் மொழியில் பிழையற்ற விளக்கமும் ஒருங்கே தேவைப்படுகின்றன. பின்னதை நிறைவேற்றுவது அறிவியல் தமிழ் ஆய்வாளர் கடமையாகும்.